கேரளத்தில் ‘ஆதாரம்’ கேட்டால் எதைக் கொடுப்பது?

பீர்மேடு, தேவிகுளம், சித்தூர் பக்கம் நிலமோ வீடோ வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. நமக்கு ஆதாரம் என்றால் கோர்ட்டில் சாட்சியம், கச்சேரியில் சுருதி, நெல் கொள்முதலில் விலை. கேரள வில்லேஜ் ஆபீஸிலோ வங்கியிலோ சொத்து விஷயமாக ‘ஆதாரம்’ கேட்டால், அது கிரயப் பத்திரம் போன்ற, பதிவு செய்த சொத்துப் பத்திரம். ஆதார் கார்டு வேறு. ‘முன்னாதாரம்’ என்பது அதற்கு முந்தைய பத்திரம், நம் ஊர்த் தாய்ப்பத்திரம் மாதிரி. கடனுக்குப் போகும்போது இரண்டையும் எடுத்துப்போங்கள்; ஒன்று இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பாவம், வயதானவர்கள்தான் அலைகிறார்கள். அப்புறம், ‘கரம் அடைத்த ரசீது’ என்பது நிலவரி ரசீது. நடப்பு நிதியாண்டுக்கு உரியதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். வில்லேஜ் ஆபீஸில் நகலைக் கொடுங்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.