விக்டோரியா பாலம் பார்க்கப் போகிறீர்களா? பினாங்கிலிருந்து அரைநாள் போதும்

பினாங்கில் சனி ஞாயிறு வந்தால் கடற்கரை, மலை, பேரங்காடி, திரும்பவும் கடற்கரை. அலுத்துப்போனவர்கள் பேராக் ஆற்றின் மேல் கராய் கிராமத்தில் நிற்கும் பழைய ரயில் பாலத்துக்குப் போய் வரலாம். பட்டர்வொர்த்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் போதும், பாலத்தைப் பார்க்கக் கட்டணம் எதுவும் கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலத்தின் அருகே சாலையோரமாக இருப்பது சின்ன இடம்தான், பெரிய பூங்காவை நினைத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிப் போனால் அரைமணியில் "எப்போப்பா வீட்டுக்குப் போறோம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பாய், தண்ணீர், நாசி லெமாக் பொட்டலம் எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். கழிவறைக்கு வழியிலேயே குனோங் செமங்கோல் ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் ஒரு முறை நிறுத்திவிடுவது நல்லது.

நெடுஞ்சாலையில் கோலகங்சார் டோலில் இறங்க வேண்டும். மெனோரா சுரங்கப்பாதை கண்ணில் பட்டால் தாண்டி வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், அடுத்து ஈப்போதான். வேஸ் வழிகாட்டிச் செயலியில் வெறும் 'பாலம்' என்று தேடாமல் 'ஜம்பாத்தான் விக்டோரியா' என்று போடுங்கள், ஏனென்றால் அதே ஆற்றில் பழைய சாலை கடக்கும் இஸ்கந்தர் பாலமும் பக்கத்தில்தான் இருக்கிறது. ரயிலில் வருபவர்கள் கோலகங்சாரிலோ சுங்கை சிப்புட்டிலோ இறங்கி வண்டி பிடிக்கலாம். ஆனால் திரும்பி வரவும் அந்த ஓட்டுநரிடமே பேசி வைத்துக்கொள்ளுங்கள், கிராமத்துக்குள் நின்றுகொண்டு கிராப்பைத் தேடுவது பெரிய பாடு.

காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் இரும்பெல்லாம் சூடேறி, பாலத்தில் நிற்கவே முடியாது. ஓரத்தில் ஒரு குறுகலான நடைபாதை உண்டு, கிராமத்து ஆட்கள் மோட்டார் சைக்கிளிலும் அதில் வருவார்கள், அதனால் செல்ஃபி எடுக்கிறேன் என்று வழியை மறிக்காதீர்கள். தண்டவாளப் பக்கம் ஏற வேண்டாம். ரயில் 2002-லேயே நின்றுவிட்டது என்பது உண்மைதான், ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேலான இரும்பை நம்பிக் குதித்து விளையாட முடியாது.

பெரும்பாலோர் மேலே நடந்து, கல்யாண ஜோடி மாதிரி படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கீழே கரைப் பக்கம் நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் விசேஷம். செங்கல் தூண்கள், அவற்றின் மேல் இரும்புச் சட்டங்கள், எல்லாம் 1897 டிசம்பரில் தொடங்கி 1900 மார்ச்சில் முடித்த வேலை. வெள்ளீயம் ஏற்றிப் போகத்தான் இத்தனை செலவு. இந்த ஆற்றைக் கடந்த பிறகுதான் தைப்பிங் பக்கத்துத் தண்டவாளமும் ஈப்போ பக்கத்துத் தண்டவாளமும் ஒன்று சேர்ந்தன, 1903-க்குள் பிறையிலிருந்து சிரம்பான் வரை ரயிலில் போக முடிந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வருகிறான் என்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே இதன் ஒரு பகுதியைத் தகர்த்தது. அப்புறம் சரிசெய்து பல காலம் ஓட்டினார்கள். இப்போது பக்கத்துக் கான்கிரீட் பாலத்தில் ரயில் சர்ரென்று போய்விடும், கொஞ்சம் காத்திருந்தால் பழையதையும் புதியதையும் ஒரே படத்தில் பிடிக்கலாம்.

வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், தகவல் பலகை சொல்லாத கதையெல்லாம் அவர் சொல்வார்.

வெயில் ஏறியதும் கோலகங்சாருக்குத் திரும்பி ஒரு லக்சா சாப்பிடுங்கள். அங்கே 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது, தோட்டத்துப் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் அதைப் பார்க்காமல் வரக்கூடாது. நேரமிருந்தால் உபூடியா பள்ளிவாசலையும் பார்க்கலாம், இல்லையென்றால் மாலை நெரிசலுக்கு முன்னால் பினாங்குப் பாலம் ஏறிவிடுங்கள்.