கப்பல் விருந்தில் சிப்பி, மஸல், லாப்ஸ்டர்: கடற்கரைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு கப்பலுக்கு எங்கள் சொந்தக்காரர்கள் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எல்லாரும் கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம். முதல் ராத்திரியே என் சித்தப்பா பையன் தட்டில் ஆறு வேகாத சிப்பி, ஒரு கிண்ணம் மஸல் (கறுப்பு ஓட்டு மட்டி மாதிரி), பாதி லாப்ஸ்டர் (நம்ம சிங்கி இறால் மாதிரி), ஓரத்தில் நாலு ஸ்காலப் (விசிறி ஓட்டுக்குள் இருக்கும் வெள்ளைச் சதை) என்று அடுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மெதுவாடா என்றேன். "நாம நண்டுக் குழம்புலயே வளர்ந்தவங்கண்ணே, நமக்கு என்ன ஆகும்" என்றான். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் முதல் கப்பல் பயணத்தில் நான் சொன்னதும் இதேதான். கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது.

எந்த முள்கரண்டி எதற்கு, நண்டுக் காலை உடைக்கும் இடுக்கியை எப்படிப் பிடிப்பது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். யாரும் உங்களைக் கவனிக்கப் போவதில்லை, கையால் சாப்பிடுங்கள்.

எல்லாப் புதுசையும் ஒரே ராத்திரியில் சாப்பிடுவது

நாம் சின்ன வயதிலிருந்து சாப்பிடுவது நண்டும் எறாவும். எப்போதாவது சிங்கி இறால். இவை மூன்றும் கணுக்காலும் ஓடும் உள்ள ஒரே கூட்டம். சிப்பி, மஸல், ஸ்காலப், நம்ம ஊர் மட்டி எல்லாம் மெல்லுடலிகள், வேறு கூட்டம். கணவாய்கூட இதில்தான் சேர்த்தி. நண்டு ஒத்துக்கொள்கிறது என்பதை வைத்து சிப்பி ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு இரண்டுமே ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு ஒன்று மட்டும்.

அந்த முதல் பயணத்தில் நான் சிப்பி நாலு, ஸ்காலப் இரண்டு, வெள்ளை ஒயினில் வெந்த மஸல் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். கறுப்பு ஓடு, உள்ளே ஆரஞ்சு நிறச் சதை, அடியில் பூண்டு மணக்கும் சாறு. ரொட்டியைத் தொட்டு அந்தச் சாற்றைத் துடைக்கும்போது கீழுதடு நமைக்க ஆரம்பித்தது. பத்து நிமிஷத்தில் உதடு தடித்து, கழுத்தெல்லாம் கொசு கடித்தது போலத் தடிப்பு தடிப்பாக எழும்பிவிட்டது. கப்பல் மருத்துவர் ஊசி போட்டு, ராத்திரி முழுக்க அங்கேயே படுக்க வைத்துக்கொண்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, எதைச் சாப்பிட்டதும் ஆரம்பித்தது என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றையும் மாற்றி மாற்றி அல்லவா சாப்பிட்டிருந்தேன்!

வைத்தியச் செலவு டாலரில் என் அறைக் கணக்கில் ஏறியது. பயணக் காப்பீடு எடுத்திருக்கவில்லை. ஆனால் பணத்தைவிட என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது அதற்கப்புறம் நடந்ததுதான். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாததால் ஊருக்கு வந்து இரண்டு வருஷம் நண்டு, எறா எதையும் தொடவில்லை. அம்மா எனக்கென்று தனிச் சட்டியில் குழம்பு வைத்தார். கடைசியில் புதுச்சேரியில் ஒரு ஒவ்வாமை மருத்துவரிடம் தோல் பரிசோதனை செய்துகொண்டேன். மெல்லுடலிகள்தான் ஆகாது, நண்டும் எறாவும் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது, பள்ளிக்கூட நாட்களில் கிள்ளையில் அத்தை வீட்டில் மட்டி சாப்பிட்டபோதும் வாய் நமைத்திருக்கிறது. மிளகாய்க் காரம் என்று நினைத்து மோர் குடிக்க வைத்தார்கள். இரண்டு வருஷத்து நண்டுக் குழம்பை ஒரு ராத்திரி அவசரத்தில் தொலைத்தேன்.

அதனால் ஒரு வேளைக்கு ஒரு புதுசு, அதுவும் ஒரே ஒரு துண்டு. ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும், ஆகையால் மதியச் சாப்பாட்டில் சோதித்துப் பாருங்கள், தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம். உதடோ நாக்கோ வீங்கினாலும் மூச்சு இழுத்தாலும் செட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். அறைத் தொலைபேசியில் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வேகாத சிப்பியில் எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்பது

சாகாது. மிளகாய் சாஸுக்கும் சாகாது, கூடக் குடிக்கும் ஒயினுக்கும் சாகாது.

ஈரல் கோளாறு உள்ளவருக்கும் வேகாத சிப்பியைப் பரிமாறுவது

சிப்பி கடல் தண்ணீரை வடிகட்டித்தான் வயிறு வளர்க்கிறது, தண்ணீரில் உள்ள கிருமியும் அதனுள்ளேயே தங்கும். விப்ரியோ என்ற கிருமி ஈரல் நோய் உள்ளவர்களை உயிர் போகும் அளவுக்குப் படுத்திவிடும். சர்க்கரைக்காரர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் எல்லாருமே நன்றாக வெந்ததை மட்டும் சாப்பிடுங்கள். எங்கள் பெரிய மாமாவுக்கு ஈரலில் கோளாறு, அவர் தட்டிலிருந்து நானே எடுத்துவிட்டேன். கோபப்பட்டார், பரவாயில்லை.

வெந்துவிட்டால் பயமில்லை என்பது

கிருமிக்கு அது சரி, நஞ்சுக்குச் சரியில்லை. கடலில் சில வகை நுண்பாசிகள் பெருகும்போது அவற்றின் நஞ்சு சிப்பியிலும் மட்டியிலும் சேர்ந்துவிடும், கொதிக்க வைத்தாலும் போகாது. 1981இல் நம் தமிழ்நாட்டிலேயே வயலூரில் மட்டி சாப்பிட்டு 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், மூன்று பேர் இறந்தே போனார்கள். கப்பல் நிற்கும் தீவில் இறங்கி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பெயர்த்துச் சுட்டுச் சாப்பிடலாமா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது.

கண்ணுக்குத் தெரியும் எறாவை மட்டும் ஒதுக்குவது

எறா ஆகாது என்று சொல்லும் நம்மவர்கள் தட்டில் எறா இல்லாவிட்டால் நிம்மதியாகிவிடுகிறார்கள். சிங்கப்பூர்க் கப்பல்களில் பெலாசான் போட்ட சம்பல் உண்டு, அது எறாவைப் புளிக்க வைத்து அரைத்த விழுது. லக்சா குழம்பில் உலர்ந்த எறா அரைத்திருக்கும். பிஸ்க் என்ற வழவழப்பான சூப்பே நண்டு, லாப்ஸ்டர் ஓட்டை வேகவைத்து எடுப்பதுதான். சமைத்தாலும் எறாவின் ஒவ்வாமைப் புரதம் அழியாது. அப்புறம், பஃபேயில் ஒரே இடுக்கி எறாவுக்கும் கோழிக்கும் போய்வருவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வாமை உள்ளவர்கள் பஃபேயை விட்டுவிட்டு, மேஜைக்கு வந்து பரிமாறும் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்குப் போங்கள். டிக்கெட் போடும்போதே படிவத்தில் எழுதுங்கள், ஏறியதும் தலைமைப் பரிமாறுபவரிடம் வாயாலும் சொல்லுங்கள். நாளைய மெனுவை இன்றைக்கே கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள்.

சானிடைசரை நம்புவது

கப்பலில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு அது போதாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காசு கொடுத்தாயிற்றே என்று முடிப்பது

மேஜைக்கு வந்து பரிமாறும் அந்தப் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் பிடிக்காததை வைத்துவிட்டு வேறு கேட்கலாம், பொதுவாகத் தனிக் கட்டணம் கிடையாது. சிப்பியில் ஒரு வாடை வந்தாலோ, ஓடு உலர்ந்து கிடந்தாலோ வாயில் வைக்கவே வேண்டாம்.

தம்பியின் தட்டிலிருந்து அன்றைக்கு லாப்ஸ்டரை மட்டும் விட்டு மற்றதைத் திருப்பி அனுப்பினோம். அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை. மறுநாள் மதியம் ஒரு மஸல், அதற்கு அடுத்த நாள் ஒரு ஸ்காலப், மூன்றாம் நாள் சுட்டெடுத்த சிப்பி என்று ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்த்தான். எதுவும் ஆகவில்லை. ஸ்காலப் மட்டும் நம்ம ஊர் இளநீர் வழுக்கை மாதிரி இருக்கிறது, இன்னும் ரெண்டு கேட்கலாமாண்ணே என்றான்.