லண்டன் – பாரிஸ்: விமானமா, ரயிலா?

லண்டனுக்கும் பாரிஸுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர்தான். விமான டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் போலப் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. வானில் இருப்பது ஒரு மணி நேரம்கூட இராது.

பலர் குழம்புவது நேரத்தில்தான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், பாரிஸ் ஒரு மணி நேரம் முன்னால். 9:00 மணிக்குக் கிளம்பி 11:20க்கு இறங்குவதாக இருந்தால் பயணம் 1 மணி 20 நிமிடமே. திரும்பும்போது 9:00க்குக் கிளம்பி 9:20க்கே இறங்கிவிடுவீர்கள்! அடுத்த பஸ்ஸோ ரயிலோ பதிவு செய்யும் முன் இதைப் பாருங்கள்.

விலை மலிவு என்று லூட்டன், கேட்விக் விமான நிலையங்கள் பக்கம் போனால், லண்டன் மையத்திலிருந்து அதற்கே சுமார் 45 கிலோமீட்டர் போக வேண்டும். அப்புறம் பாதுகாப்புச் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பு, பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் ரயில். வீட்டுக்கு வீடு நாலைந்து மணி நேரம் ஓடிவிடும்.

யூரோஸ்டார் ரயில் லண்டனின் செயின்ட் பாங்கரஸ் நிலையத்தில் ஏறினால் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையம். பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடும். என் ஓட்டு ரயிலுக்கே. ஆனால் முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் விலை எகிறும். இறங்கியதும் பசித்தால், நடக்கும் தூரத்திலேயே லா ஷாப்பல் பகுதி, அங்கே நம்மவர் தோசைக்கடைகள்.