கொக்குக்கு ஒரு செட்டிங், டான்ஸுக்கு ஒரு செட்டிங்: போட்டோ எடுக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல கேமரா வாங்கியும் படம் சுமாராத்தான் வருதுன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் பண்றது ஒரே விஷயம்தான், வீட்ல குழந்தைய எடுத்த அதே செட்டிங்கோட வேடந்தாங்கல் போய் பறவைய எடுப்பாங்க, சாயங்காலம் சபாவுல பரதநாட்டியத்தையும் அதுலயே எடுப்பாங்க. எடுக்குற பொருள் மாறுது, வெளிச்சம் மாறுது, ஆனா கேமராவ யாரும் தொடறதே இல்ல. அங்கங்க என்ன தப்பு நடக்குதுன்னு பார்ப்போம்.

முதல்ல எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்ளோ வெளிச்சம் விடறோம்ங்கறது. முன்னாடி நிக்கிறது வெள்ளைக் கொக்கா கருப்பு நீர்க்காகமான்னு கேமராவுல வெளிச்சத்த அளக்கற மீட்டருக்குத் தெரியாது. உள்ள வர்ற வெளிச்சத்த சராசரி பண்ணி ஒரு நடுத்தர சாம்பல் அளவுக்கு கொண்டு வரப் பாக்கும். இப்ப வர்ற கேமராக்கள் முகத்தையெல்லாம் கண்டுபிடிச்சு கொஞ்சம் சரி பண்ணிக்கும்தான், இருந்தாலும் அடிப்படை இதுதான். டிசம்பர், ஜனவரில வேடந்தாங்கல் ஏரிக்கரையில நின்னு பாருங்க. தூரத்துல கரும்பச்சை மரத்துக்கு முன்னாடி ஒரு கொக்கு சின்னதா தெரியுது. ஃப்ரேம் முழுக்க இருட்டு, அதனால கேமரா வெளிச்சத்த ஏத்திடும், கொக்கோட இறகு ஒண்ணுகூட தெரியாம வெறும் வெள்ளைத் திட்டா போயிடும். இங்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷன (கேமரா வெச்ச வெளிச்சத்த நாமளே கூட்டிக் குறைக்கற செட்டிங்) மைனஸ் 1 பக்கம் திருப்பணும். அதே கொக்கு கிட்ட வந்து ஃப்ரேம நிறைச்சுட்டா கதை தலைகீழ், இவ்ளோ வெள்ளையான்னு கேமரா வெளிச்சத்தக் குறைச்சு கொக்க சாம்பலாக்கிடும், இப்ப ப்ளஸ் 1 தேவைப்படும். மேகமூட்டமான வானத்துல பறக்கும்போதும் ப்ளஸ்தான், இல்லன்னா பறவை கருப்பு நிழலா வரும். ஒரே பறவைக்கு அஞ்சு நிமிஷத்துல ரெண்டு எதிரெதிர் திருத்தம் வேணும், இது புரிஞ்சுட்டா கல்யாணத்துல வெள்ளப் பட்டு வேட்டியும் அரக்குப் புடவையும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்போது எதுக்கு அளவு வைக்கணும்னும் புரிஞ்சிடும். பொதுவா வெள்ளைய வெளிறாம காப்பாத்துங்க, நிழல்ல இருக்கறத ரா ஃபைல்ல (கேமரா ப்ராசஸ் பண்ணாம அப்படியே பதியற ஃபைல்) ஓரளவு மீட்டுடலாம், சுத்தமா வெளிறிப் போனது திரும்ப வராது. மெனுவுல ஹைலைட் அலர்ட்னு இருக்கும், ஆன் பண்ணுங்க, வெளிறின இடம் மின்னி மின்னிக் காட்டும்.

அடுத்தது ஐஎஸ்ஓ பயம், ஐஎஸ்ஓன்னா கேமரா வெளிச்சத்த எவ்ளோ பெருக்கிக் காட்டுதுங்கற அளவு. 'ஐஎஸ்ஓ 400 தாண்டினா படம் கெட்டுடும்'னு எங்கயோ கேட்டுட்டு அதப் பிடிச்சுக்கிட்டே இருக்கறதால ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்கற நேரம்) 1/60 செகண்டுக்கு இறங்கி எல்லாமே கலங்கலா வருது. புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸ சாஃப்ட்வேர்ல குறைச்சுக்கலாம், ஆடிப்போன படத்த நம்பற மாதிரி சரி பண்ண முடியாது. லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருக்குன்னு சமாதானம் சொல்லிக்காதீங்க, அது நம்ம கை நடுக்கத்த மட்டும்தான் சமாளிக்கும், ஓடுற பிள்ளைய நிறுத்தி வைக்காது. நடக்கிறவங்களுக்கு 1/250, விளையாடற குழந்தைக்கு 1/500, பறக்கிற பறவைக்கு 1/2000ன்னு ஒரு தொடக்கமா வெச்சுக்கிட்டு ஐஎஸ்ஓ எவ்ளோ ஏறுதோ ஏறட்டும்னு விடுங்க.

மேடை நடனத்துக்கு ஷட்டர் ஸ்பீட விட காதுதான் முக்கியம்னு நான் சொல்வேன். முகபாவம் காட்டற அபிநயத்துக்கு 1/200 போதும், வேகமா காலடி போடற ஜதிக்கு 1/500 வேணும், அது சரி. ஆனா பலரும் பட்டன அமுக்கிட்டே இருந்து நூத்துக்கணக்குல எடுத்துத் தள்றாங்க, ஒண்ணுலயும் அடவு (ஆட்ட அசைவு) முழுசா இருக்காது, கை பாதி வழில நிக்கும், முகம் திரும்பிட்டிருக்கும். ஜதி சொல்லி தாளம் போடற நட்டுவாங்கத்தக் கேளுங்க. தீர்மானம், அதாவது ஜதிக் கோர்வைய முடிச்சு வைக்கற பகுதி, முடியிற இடத்துல ஆடறவங்க ஒரு நிலையில வந்து நிப்பாங்க, நட்டுவாங்கத் தாளச் சத்தத்துல அது முன்கூட்டியே தெரிஞ்சிடும், அந்த எடத்துக்குக் காத்திருந்து அமுக்கினா கை, கண்ணு, அரைமண்டி எல்லாம் சேர்ந்து கிடைக்கும். கொஞ்சம் தாளம் தெரிஞ்சவங்க எடுக்குற படம் தனியாத் தெரியறது இதனாலதான். இன்னொண்ணு, சத்தம் வரக்கூடாதுன்னு சைலண்ட் ஷட்டர் போட்டா எல்இடி விளக்குல படத்துக்குக் குறுக்க பட்டை பட்டையா விழ வாய்ப்பு அதிகம், முதல் உருப்படியிலயே ஒரு தடவ பெருசு பண்ணிப் பாத்துட்டு தேவைப்பட்டா மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்திடுங்க, விளக்கு மினுக்கத்தச் சமாளிக்கற ஆன்டி ஃப்ளிக்கர் இருந்தா போட்டுக்கோங்க. ஃப்ளாஷ் மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம், ஆடறவங்க கண்ணுல அடிக்கும்.

மத்தியான வெயில்ல ஆளுங்கள நிக்க வெச்சா கண்ணுக்கடியில கருப்புக் குழி விழும். நிழல்னு வேப்ப மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போறதும் தப்புதான், இலை இடுக்குல இறங்குற வெயில் மூஞ்சில பொட்டுப் பொட்டா விழும். திண்ணை, வாசப்படி, தாழ்வாரம் இந்த மாதிரி எடம் பாருங்க, ஆள உள்பக்கம் நிழல்ல நிக்க வெச்சு வெளிய பாக்கச் சொன்னா முகத்துல மெத்துன்னு வெளிச்சம் விழும். மாநிறம், கருப்புத் தோலுக்கு வேணும்னே வெளிச்சத்த ஏத்தி வெளுப்பாக்கறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அந்த நிறத்துல இருக்கற பளபளப்பே செத்துப்போயிடுது. போன்ல எடுக்கிறவங்க 0.5 வைட் லென்ஸ்ல கிட்டப் போய் முகம் எடுக்காதீங்க, மூக்கு பெருசாயிடும், ரெண்டடி பின்னாடி போய் 2 மடங்கு ஜூம் வைங்க.

கார்த்திகை தீபத்தன்னிக்கு அகல் விளக்கு எடுத்தா மஞ்சளே வரலன்னு சொல்வாங்க. படத்தோட நிறத்த தானா சரி பண்ற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த மஞ்சளக் கோளாறுன்னு நினைச்சு குறைச்சிடும். டேலைட்டுக்கு மாத்துங்க, பக்கத்துல எரியற ட்யூப்லைட்ட அணைங்க, இல்லன்னா ஒரு பக்கம் மஞ்சள் ஒரு பக்கம் பச்சைன்னு எந்த ஒயிட் பேலன்ஸும் ஒத்து வராது. விளக்கோட இருக்கற முகத்த எடுக்கணும்னா சுடர அவங்ககிட்ட கொண்டு போங்க, வெளிச்சம் தானா கூடும்.

மழை நாள்ல ஏசி ரூம்லருந்து நேரா வெளிய எடுத்தா லென்ஸ் மேல புகை மாதிரி நீராவி படியும், அத துடைச்சுட்டே இருக்கறதுல பிரயோஜனம் இல்ல. பை ஜிப்ப மூடியே வெளிய கொண்டு வந்து அரைமணி நேரம் விட்டுட்டு எடுங்க. நனைஞ்ச கேமராவ அப்படியே பைக்குள்ள போட்டு மாசக்கணக்கா மறந்துட்டா, கடலோர ஊர்க்காரங்களுக்குத் தெரியும், லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும், கிளீன் பண்ற செலவுல சில லென்ஸ புதுசாவே வாங்கிடலாம். காய வெச்சுட்டு, காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க.

வைக்கறதுக்கு முன்னாடி காம்பன்சேஷன பூஜ்யத்துக்கும் ஐஎஸ்ஓவ ஆட்டோவுக்கும் ஒயிட் பேலன்ஸ பழைய இடத்துக்கும் கொண்டு வந்திடுங்க, அடுத்த தடவ அவசரத்துல எடுக்கும்போது நேத்தைய கொக்கு செட்டிங் உங்க தங்கச்சி பிறந்தநாள் படத்துல வந்து நிக்காது.