பழவேற்காடு போறவங்களுக்கு

திருவொத்தியூர், எண்ணூர் பக்கம் இருக்கறவங்க பழவேற்காட்டுக்கு கார்லாம் தேட வேணாம், கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல ஏறி பொன்னேரில இறங்குனா அங்கேர்ந்து பஸ் இருக்கு. டிசம்பர்லேர்ந்து பிப்ரவரிக்குள்ள போனீங்கன்னா ஏரில பூநாரை (ஃபிளமிங்கோ) பாக்கலாம், காலைல சீக்கிரம் போங்க, வெயில் ஏறிட்டா தூரத்துல வெறும் வெள்ளைக் கோடுதான்.

அப்புறம் டச்சுக்காரங்க கல்லறை, வாசல்லயே எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருப்பாங்க, 1600கள்ல செத்தவங்களோட கல்லெல்லாம் எழுத்தோட அப்படியே கெடக்கு, அத அவசரமில்லாம பாருங்க. அவங்க 1613ல கட்டுன கோட்டைன்னு தேடிப் போனா மிஞ்சுனது புதரும் அகழியும்தான், எனக்கு அது பரவால்ல.

ஊர்ல பொம்பளைங்க பின்ற பனையோலைக் கூடை வாங்கலாம், பேரம் பேசி உயிர எடுக்காதீங்க. படகுக்காரர் கூப்டாருன்னு லைஃப் ஜாக்கெட் இல்லாம மட்டும் ஏறாதீங்க, 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு கவுந்து 22 பேர் போயிட்டாங்க.