குறைந்த செலவில் எடுத்த சூழல் திகில் படம்: வசைகளை எடைபோடும் முறை

ஆற்றில் கலந்த கழிவிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி ஊரை விழுங்குவதாகக் கதை சொல்லும் படங்களுக்கு ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கிடைப்பது வழக்கமாகிவிட்டது. நடிகர்கள் தெரிந்த முகங்கள் இல்லை, பூதம் ரப்பர், வசனம் பள்ளிப் பாடம் என்று விமர்சகர்கள் மூன்று வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். அந்த வசையை நம்பிப் படத்தை ஒதுக்குவதா, நம்பாமல் ஒன்றரை மணி நேரத்தை அதற்குக் கொடுப்பதா என்ற தயக்கம் பார்க்கிறவருக்கு வரும். சென்னிமலைக்குப் பக்கத்தில் ஓர் உறவினர் வீட்டு மாடியில் ஞாயிறு இரவுகளில் இத்தகைய படங்களைக் கூடிப் பார்த்து, விடிய விடிய வாதாடிப் பழகியதில் எங்களுக்குக் கைவந்த ஒரு முறையை இங்கே விளக்குகிறேன்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிடைத்த விமர்சனங்களைப் படித்து, அவற்றிலுள்ள குறைகளை மட்டும் பிரித்து எழுதுங்கள். பணம் இருந்திருந்தால் தீர்ந்திருக்கும் குறைகள் இடப்பக்கமும், எவ்வளவு பணம் கொட்டியிருந்தாலும் தீர்ந்திருக்காத குறைகள் வலப்பக்கமும் வர வேண்டும். பூதத்தின் முதுகில் தையல் தெரிகிறது, ஒரே தெருவை மூன்று ஊராகக் காட்டுகிறார்கள், கூட்டம் என்று சொல்லிப் பதினோரு பேரை நிறுத்தியிருக்கிறார்கள் என்பன இடப்பக்கம். இறந்தவனின் தம்பி மறுநாளே சிரித்துக்கொண்டு காப்பி குடிக்கிறான், நஞ்சு எங்கிருந்து வந்தது என்று யாருமே கேட்கவில்லை என்பன வலப்பக்கம். இடப்பக்கம் மட்டுமே நிறைந்திருந்தால் அந்த விமர்சகர் படத்தின் ஏழ்மையைத்தான் திட்டியிருக்கிறார் என்று கொள்ளலாம். இந்தத் தாளைப் படம் முடியும்வரை மடித்து வைத்துவிடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு பார்த்தால் எழுதிய குறைகளைத் தேடுவதிலேயே இரவு போய்விடும்.

எந்தப் பக்கம் எழுதுவது என்று குழப்புவது ஒலிதான், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. படம் மங்கலாக இருந்தால் கண் சிறிது நேரத்தில் பழகிக்கொள்கிறது, ஒலி விட்டுவிட்டு வந்தால் காது கடைசிவரை பழகுவதில்லை. ஜேம்ஸ் நுயென் 10,000 டாலருக்கும் குறைந்த செலவில் எடுத்து 2010இல் வெளியிட்ட 'பேர்டெமிக்' படத்தில், புவி வெப்பமாவதால் வெறிகொண்ட கழுகுகள் ஊரைத் தாக்குகின்றன. கணினியில் வரைந்த அந்தக் கழுகுகள் வானில் ஒரே இடத்தில் நின்றபடி சிறகடிப்பதைத்தான் எல்லோரும் கேலி செய்கிறார்கள், அது இடப்பக்கக் குறை. ஆனால் இருவர் பேசிக்கொள்ளும் சாதாரணக் காட்சியில், ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் படம் தாவும்போதெல்லாம் பின்னணி இரைச்சல் மாறுகிறது. ஒரு நொடி கடற்காற்று, அடுத்த நொடி அமைதி. படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் வாய்மூடி நிற்கச் சொல்லி அந்த இடத்தின் வெற்று ஒலியை அரை நிமிடம் பதிவுசெய்து வைத்திருந்தால், படத்தொகுப்பில் அந்த வெட்டுகளை ஓரளவு மூடியிருக்கலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆகவே ஒலி மோசமென்று ஒருவர் எழுதியிருந்தால், கருவியின் தரத்தைச் சொல்கிறாரா, கவனமின்மையைச் சொல்கிறாரா என்று பிரித்துப் பார்த்தே பக்கத்தைத் தீர்மானிக்க வேண்டும். திகில் படத்தில் பாதிப் பயம் காதின் வழியாகவே வருவதால், கவனமின்மை என்றால் வசை பெரும்பாலும் நியாயமே.

அடுத்து, படம் ஓடும்போது மனத்தில் வைத்திருக்க வேண்டியது நஞ்சின் வழி. என்ன நஞ்சு, யார் கொட்டியது, எந்த வாய்க்கால் வழியாக வந்தது, யாருடைய உடம்பில் முதலில் தெரிந்தது என்பதைப் படம் நம்மை நம்பவைக்கிறதா என்று பாருங்கள். வேதியியல் பிழையில்லாமல் இருக்க வேண்டுமென்று கேட்கவில்லை. காரணத்திலிருந்து பயம் பிறக்க வேண்டும், அவ்வளவுதான். பேரி லெவின்சன் சுமார் 20 லட்சம் டாலரில் எடுத்த 'தி பே' (2012) இதற்குப் பொருத்தமான பாடம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடா மாசுபட்டதைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும்படி கேட்கப்பட்டவர், அதைத் திகில் கதையாக மாற்றினார். கோழிப்பண்ணைக் கழிவு நீரில் கலக்க, அந்த நீரில் வாழும் ஒட்டுண்ணிகள் பருத்து மனிதர்களைத் தின்னத் தொடங்குகின்றன. மீனின் செவுள் வழியாக நுழைந்து நாக்கைச் சுருங்கச் செய்து, அந்த அடிநாக்கைப் பற்றிக்கொண்டு வாழும் ஓர் உயிரி உண்மையிலேயே கடலில் இருக்கிறது. மனிதரைத் தாக்குவது மட்டுமே கற்பனை. படத்தில் நடிகர் பட்டாளம் இல்லை, கைக்கேமராவும் செய்திக் காட்சிகளுமே கதை சொல்கின்றன, குதித்துக் குதித்து ஓடும் அந்தக் காட்சிகள் தலைவலி தருகின்றன என்ற குறையும் சரியே. ஆயினும் பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், குவிந்து கிடக்கும் கோழி எருவைக் காட்டிய காட்சியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார். பூதம் வருவதற்கு வெகுநேரம் முன்பே நடந்தது அது.

பூதத்தின் உருவத்தை வைத்து எழுதப்படும் வசைகளைத்தான் நான் மிகவும் சந்தேகப்படுவேன். யோஷிமிட்சு பன்னோ இயக்கி 1971இல் வெளிவந்த ஜப்பானியப் படத்தில் காட்சில்லா என்னும் ராட்சத விலங்கு மோதுவது ஹெடோரா என்னும் கழிவுப் பூதத்தோடு. ஐந்து வாரத்தில், சுருங்கிய செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம், 1978இல் அமெரிக்காவில் வெளியான, உலகின் மிக மோசமான ஐம்பது படங்களைத் தொகுத்த புத்தகத்தில் இடம்பெற்றது. பூதம் ஈரச் சாக்குமூட்டை போலிருப்பது உண்மைதான். ஆனால் ஜப்பானின் யோக்கைச்சி நகரில் பெட்ரோலிய ஆலைப் புகையால் மூச்சுநோய் கண்ட மக்கள் தொடுத்த வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. 1972 ஜூலையில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. ஹெடோரா பறந்துபோன இடத்தில் மனிதர்கள் மூச்சடைத்து விழும் காட்சியை அந்த நாட்டுப் பார்வையாளர் எப்படிப் பார்த்திருப்பார் என்று எண்ணிப் பார்க்காமல், விமர்சகர்கள் ரப்பரைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அந்தப் படத்தில் நான் காணும் உண்மையான குறை வேறு: பூதத்தின் வித்து விண்வெளியிலிருந்து வந்ததாகச் சொல்லி, பாதிப் பழியை ஆலைகளிடமிருந்து எடுத்து வானத்தில் வைத்துவிட்டார்கள். அதை எந்த வசையிலும் நான் படித்ததில்லை.

அந்தப் படத்தின் நுரையைப் பார்த்தபோது எங்கள் மாடியில் சிரிப்பே எழவில்லை. நொய்யல் ஆற்றில் வெள்ளை வெள்ளையாக நுரை மிதந்துபோனதைச் சிறுவயதில் பார்த்தவர்கள் நாங்கள். 1992இல் பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. ஆயக்கட்டில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மாமா ஒருவர், படம் முடிந்ததும், "நொர வந்தாத் தெரியுமுங்க மாப்ள, தெளிஞ்ச தண்ணிலதானுங்க பயம், உப்பு கண்ணுக்குத் தெரியாதுங்களே" என்றார். அன்றிலிருந்து எந்தச் சூழல் திகில் படத்தைப் பார்த்தாலும், அதில் தெளிந்த தண்ணீரைக் கண்டு நான் பயப்படும்படி ஒரு காட்சியாவது இருக்கிறதா என்று தேடுகிறேன். குழாயைத் திறக்கும் ஒரு கையை அருகில் வைத்துக் காட்டுவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. அப்படி ஒரு காட்சியுள்ள படத்துக்கு ஒரு நட்சத்திரம் என்பது அநியாயம் என்றே சொல்வேன்.

பழி யார்மேல் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். சுருட்டுப் புகைக்கும் ஆலை முதலாளி ஒருவர், ஆற்றங்கரையில் நல்லவர் ஒருவர், நடுவே நீண்ட பிரசங்கம் என்று எடுத்திருந்தால் 'வசனம் பாடம் நடத்துகிறது' என்ற வசையை அப்படியே ஏற்கலாம். கிணறு கெட்டுப்போன குடியானவரின் மகளே பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய் அந்த வீட்டு அடுப்பை எரியவைப்பது நம் பக்கத்து நடப்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, ஆற்றோரத்தில் நிம்மதியும் பட்டறைத் தெருவில் வேலையிழப்பும் ஒரே வாரத்தில் வந்தன. இந்தச் சிக்கல் தெரியாத படம், அரசியல் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மட்டமான படமே. நல்ல நோக்கத்துக்காகச் சலுகை மதிப்பெண் போடும் பழக்கம் எங்களிடையேயும் இருந்தது; அப்படிப் போட்ட படங்களில் ஒன்றைக்கூட நாங்கள் இரண்டாம் முறை பார்க்கவில்லை என்பதால் அதை விட்டுவிட்டோம்.

பார்க்கும் விதத்திலும் சிறிது ஒழுங்கு வேண்டும். பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் பார்த்துவிட்டு இருட்டுக் காட்சி புரியவில்லை என்று எழுதுவது முறையாகாது. விளக்கை அணைத்து, முடிந்தால் காதொலிப்பானோடு, முதல் அரை மணி நேரத்தை நிறுத்தாமல் பாருங்கள்; அதற்குள் ஊரும் மனிதர்களும் மனத்தில் பதியவில்லையென்றால் மீதியைப் பார்க்காமலே விடலாம்.

முடிந்ததும் மடித்துவைத்த தாளைத் திறந்து, உங்கள் கண்ணில் பட்ட வலப்பக்கக் குறைகளைச் சேர்த்து எழுதுங்கள். விமர்சகர்கள் எழுதியவை பெரும்பாலும் இடப்பக்கமும், நீங்கள் சேர்த்தவை வலப்பக்கமுமாக இருந்தால், வசை சரி, சொன்ன காரணம் தவறு என்று ஆகும். எங்களுக்கு அடிக்கடி கிடைக்கும் விடை இதுதான். 'பேர்டெமிக்' எங்கள் தாளில் அப்படித்தான் விழுந்தது. ஹெடோரா வந்த படம் ஐந்துக்கு மூன்று வாங்கியது, மாமா மட்டும் நான்கு கொடுத்தார். தாளைத் தூக்கி எறியாதீர்கள்: அதே இயக்குநர் கொஞ்சம் கூடுதல் பணத்தோடு அடுத்த படம் எடுத்து வரும்போது, இடப்பக்கம் மட்டும் குறைந்திருக்கிறதா, வலப்பக்கமும் குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடுவதற்கு அது வேண்டியிருக்கும்.