மொட்டை மாடியில் தங்கம் அரித்துப் பழகலாம்

சென்னையில் தங்கம் தியாகராய நகர்க் கடைகளில்தான் கிடைக்கும்; கூவத்தில் தேட வேண்டாம். ஆனால், மணலை அரித்துத் தங்கத் துகள் பிரிக்கும் கைவாகை வீட்டிலேயே பழகலாம். செலவு அதிகமில்லை.

அகலமான பிளாஸ்டிக் பேசின், ஒரு தொட்டி தண்ணீர், இரண்டு கை மணல் போதும். தங்கத்துக்குப் பதிலாக, தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டைத் தட்டி, பொடியாக நறுக்கி, எண்ணி மணலில் கலந்துவிடுங்கள். பேசினை நீருக்குள் அமிழ்த்தி வலமும் இடமுமாகக் குலுக்குங்கள். அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். நன்றாகக் குலுக்கினால்தான் கனமானது அடிக்கு இறங்கும். பிறகு லேசாகச் சாய்த்து, நீரை ஏற்றி இறக்கி மேல்மணலை வழியவிடுங்கள். பாட்டிமார் அரிசியில் கல் அரிப்பது போலத்தான். என்ன, இங்கே அடியில் நிற்பதுதான் நமக்கு வேண்டியது.

தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம், ஈயம் 11 மடங்கு, சாதாரண மணல் 2.65 மடங்கு. போட்ட ஈயம் முழுவதும் மிஞ்சினால் தங்கமும் தப்பாது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தப் பேசின் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

அடியில் தங்கும் கருமணலின் மேல், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தை ஓட்டினால் இரும்புத் தாது ஒட்டிக்கொள்ளும். மினுக்கும் துகளை ஊசியால் அழுத்திப் பாருங்கள்: தங்கம் நசுங்கும், காக்காய்ப்பொன் உதிரும். தங்கத் துகளைச் சேர்த்துப் பிடிக்கச் சிலர் பயன்படுத்தும் பாதரசத்தின் பக்கம் போகவே வேண்டாம், அது நஞ்சு.

கேரளத்தின் நிலம்பூர்ப் பகுதியில் சாலியாற்று மணலில் தங்கம் அரிப்பது பழைய தொழில். பார்த்து வரலாம்; அனுமதியின்றி ஆற்று மணலில் கைவைத்தால் வழக்குதான்.